நாலாவது எண்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் மாப்பிள்ளையும் பாப்பாவும் நலம். அங்கு நீங்களும் அண்ணியும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஒரு விவரம் கேட்டு எழுதுகிறேன். உங்கள் மாப்பிள்ளை பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். வாத்துமூக்கு என்று எல்லோரும் சொல்வார்களே, அந்த மாடல். அதைச் சரிசெய்து விற்க நினைக்கிறார். பழைய வண்டிகளுக்கு உங்கள் அலுவலகத்தில்தான் சான்று வாங்க வேண்டும் என்பதால், அந்த மாடலில் எண்கள் எங்கெங்கே இருக்கும், தகடு எங்கே இருக்கும், நீங்கள் எவற்றைப் பார்ப்பீர்கள் என்று தெரிந்துகொண்டால் உதவியாக இருக்கும். எனக்கு இதைப் பற்றி எதுவும் தெரியாததால் உங்களைக் கேட்கிறேன்.

அவருடைய பழைய கார் கடையின் தொலைபேசி பழுதாகி இருக்கிறது. கடிதத்திலேயே எழுதவும்.

வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் தங்கை


பிப்ரவரி 17

வாலு,

நாங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஹாலில் சினிமா வில்லன் மாதிரி உக்காந்திருக்காங்க. கண் தெரியாத நேரத்துலயும் அண்ணி சமையல்ல என்ன குறைன்னு மட்டும் தெரியுது.

உன் கடிதத்தைப் படிச்சுட்டுக் கவரைத் திருப்பிப் பார்த்தேன், வேற யாருக்கோ வந்தது தப்பி வந்துடுச்சோன்னு. 'அண்ணா அவர்களுக்கு'. ஆபீஸுக்கு மனு போட்ட மாதிரி. எப்பலேர்ந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? கல்யாணமாகிப் போனதுலேர்ந்து நீ எழுதின எல்லாக் கடிதமும் என்னைத் திட்டித்தானே ஆரம்பிக்கும்.

அதைவிட வேடிக்கை, 'எனக்கு எதுவும் தெரியாது'. அப்பா பட்டறையில பின்சுவரோரமா ஒரு வாத்துமூக்கு வருஷக்கணக்காக் கிடந்துச்சே, அதுக்கு அடியில படுத்து நம்பரை நீ படிச்சுச் சொல்ல, நான் வெளியே நின்னு எழுதிக்கிட்டேனே, அது யாரு? இந்த வேலைக்கு நீதான் வந்திருக்கணும், மீசை இருந்ததால நான் வந்தேன்னு நீயே சொல்லுவே.

சரி, கேட்டதுக்குப் பதில். மூணு இடம். பானெட்டைத் தூக்கினா இன்ஜினுக்குப் பின்னாடி இருக்கிற தடுப்புத் தகரத்துல கம்பெனித் தகடு, நாலு மூலையிலயும் ரிவெட் அடிச்சிருக்கும். சேஸி எண், முன்பக்க வலது சக்கரத்துக்குப் பின்னாடி சட்டத்துலயே குத்தியிருக்கும். சேத்தைச் சுரண்டினாத்தான் தெரியும். இன்ஜின் எண், பிளாக்கோட இடது பக்கம். மூணும் காகிதத்தோட ஒத்துப்போனா சான்று.

அந்த மாடலுக்கு என்னவோ இப்ப நல்ல காலம். இங்க பேறு பார்க்கிற நர்ஸம்மா ஒருத்தர் ஆசையா வச்சிருந்த வாத்துமூக்கு, பச்சை நிறம், போன மாசம் ஷெட்டோட பூட்டை உடைச்சுத் திருடு போயிடுச்சு. தடுக்கப் போன காவலாளியை இரும்புக் கம்பியால அடிச்சிருக்காங்க. மனுஷனுக்கு இன்னும் பேச்சு வரலை. வண்டி எங்கேயாவது சான்றுக்கு வந்துச்சான்னு கேட்டு நர்ஸம்மா வாரம் தவறாம ஆபீஸுக்கு வந்து நிக்கறாங்க.

பாப்பா என்ன படிக்கறா? பதில்ல ஒரு பக்கமாவது என்னைத் திட்டி எழுது.

அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல். தங்கள் கடிதம் கிடைத்தது. விவரங்களுக்கு நன்றி.

சிறு வயதில் பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. குடும்பம் என்று ஆன பிறகு அவற்றை நினைக்க நேரமில்லை.

உங்கள் மாப்பிள்ளை வாங்கிய வண்டிக்குக் காகிதங்கள் சரியாக உள்ளன. எண் ஏழில் தொடங்குகிறது. வண்டியின் தரை முழுவதும் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. கதவுகளும் இல்லை. இருந்தாலும் இரண்டு மாதத்தில் ஓடும் நிலைக்கு வந்துவிடும். நீல வண்ணம் அடிக்க இருக்கிறார்.

தொழிலில் உள்ளவர்கள், நீங்கள் சொன்ன மூன்று எண்கள் தவிர நாலாவதாக ஒரு மறைவான எண் உண்டு, அதிகாரிகள் அதைத்தான் கடைசியில் பார்ப்பார்கள் என்று சொல்கிறார்களாம். தெரிந்த ஒருவரின் வண்டி அதனால்தான் திருப்பி அனுப்பப்பட்டதாம். அது எந்த இடம் என்று எழுதவும். நீங்கள் எழுதினால் உறுதியாக இருக்கும்.

பாப்பா இப்போது பள்ளிக்குப் போவதில்லை. வீட்டில் இருக்கிறாள்.

உங்கள் தங்கை


மார்ச் 9
(தையல்கார அக்கா கையில்)

வாலு,

நம்ம பட்டறைக்கு வருவாரே லாரிக்காரர், அவர் கையில இதைக் கொடுத்து விடறேன். உன் எதிர்வீட்டு மாடியில தைக்கிற அக்காகிட்டச் சேர்ப்பார். படிச்சதும் எரிச்சுடு.

நேராக் கேக்கறேன். தரையும் கதவும் இல்லாத வண்டி ரெண்டு மாசத்துல ஓடாது. அது உனக்கும் தெரியும். அதுக்கு உடம்பு வேற எங்கேயோ இருந்து வரணும். எங்க ஆபீஸ்ல இதுக்கு ஆவி புகுத்தறதுன்னு பேரு. செத்த வண்டியோட காகிதத்தையும் எண்ணையும் எடுத்துத் திருட்டு வண்டிக்குள்ள புகுத்திடுவாங்க. உங்க கடையில நிக்கறது நர்ஸம்மாவோட பச்சை வண்டியா?

மறந்துடுச்சுன்னு எழுதியிருக்கே. உனக்கு மறக்காதுன்னு எனக்குத் தெரியும். கையெழுத்து உன்னுது, பேச்சு உன்னுது இல்லை. பக்கத்துல உக்காந்து யாராவது எழுத வைக்கறாங்களா? இல்லை, நீயும் இதுல இருக்கியா? இப்படிக் கேக்க எனக்கு வாய் கூசுது. ஆனா அந்தக் காவலாளியை ஆஸ்பத்திரியில பார்த்துட்டு வந்தேன். அவர் சம்சாரம் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'இது என்ன, இது என்ன'ன்னு ஒவ்வொரு விரலாத் தொட்டுப் பேச வைக்கப் பார்க்கறாங்க. பார்த்துட்டு வந்தப்புறம் கேக்காம இருக்க முடியலை.

நீ மாட்டிக்கிட்டிருந்தா, அடுத்த கடிதத்துல அம்மாவோட கண்ணைப் பத்தி ஒரு வார்த்தை விசாரி. போதும். எனக்குப் புரிஞ்சுடும்.

என் மேலதிகாரி அம்மாகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். இந்த வண்டி வந்தா நான் தொடக் கூடாது, அவங்கதான் பார்ப்பாங்க. போலீஸ் உங்க கடைக்கு இப்பவே போகலாம்னு சொன்னாங்க. நான்தான் கெஞ்சிக் கொஞ்சம் நிறுத்தி வச்சிருக்கேன். நீயும் குழந்தையும் உள்ளே இருக்கீங்க.

அண்ணன்


மார்ச் 24

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம்.

நாலாவது எண் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் வரவில்லை. உங்கள் மாப்பிள்ளை அவசரப்படுகிறார். கூடப் பிறந்தவளுக்கு இந்தச் சிறு உதவிகூடச் செய்ய மாட்டீர்களா என்று கேட்கிறார். உடனே எழுதவும்.

பாப்பா, அவருடைய தம்பி வீட்டில் இருக்கிறாள். விளையாட ஆள் இருப்பதால் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

உங்கள் தங்கை


மார்ச் 30

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் நலம். மாப்பிள்ளைக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு.

தாமதத்துக்கு மன்னிக்கவும். இது வெளியே சொல்லக் கூடாத விஷயம் என்பதால் யோசித்தேன். மாப்பிள்ளை நம் வீட்டு மனிதர், அதனால் எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம்.

தொழிலில் சொல்வது உண்மைதான். நாலாவது எண் ஒன்று உண்டு. ஆனால் எல்லா வாத்துமூக்கிலும் இருக்காது. ஏழில் தொடங்கும் வண்டிகள் இன்னொரு ஆலையில் செய்யப்பட்டவை, அவற்றில் மட்டும்தான். பின் சீட்டைத் தூக்கினால் கம்பளித் துணி ஒட்டியிருக்கும். இடது மூலையில் அதைப் பிரித்தால், தரைத் தகரத்தில் சேஸி எண்ணே இன்னொரு முறை குத்தியிருக்கும். உங்கள் வண்டியின் தரை உதிர்ந்துவிட்டதால் அது போயிருக்கும். சான்று கிடைக்காமல் போவதற்கு அது ஒன்றே போதும். மாப்பிள்ளை என்ன செய்வதென்று அவரே யோசிக்கட்டும்.

நம் பட்டறையில் கிடந்த வண்டியும் ஏழு வரிசைதான். நீயே அந்த எண்ணைப் பார்த்திருப்பாய்.

வண்டியை அதன் சொந்தக்காரரே நேரில் கொண்டுவர வேண்டும். காலையில் வந்தால் முடிய மாலையாகிவிடும்.

அண்ணன்


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு,

நலம். தங்கள் கடிதம் கிடைத்தது. மிக்க நன்றி.

படித்தவுடன் எனக்கும் ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவின் பட்டறையில் கிடந்த வண்டியில், பின் சீட்டுக்கு அடியில், இடது மூலையில், நீங்கள் சொன்ன அதே இடத்தில் அந்த எண்ணை நானே விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். உங்கள் மாப்பிள்ளையிடமும் அப்படியே சொன்னேன். அவருக்குத் திருப்தி.

வரும் இருபத்தாறாம் தேதி வண்டியைக் கொண்டுவருகிறார். நான் வரவில்லை. வீட்டில் வேலை இருக்கிறது.

உங்கள் தங்கை


மே 1
(தையல்கார அக்கா கையில்)

வாலு,

எங்கே இருக்கேன்னு தெரியாம எழுதறேன். உன் வீடு பூட்டிக் கிடக்குன்னு சொன்னாங்க. தையல்கார அக்காகிட்டச் சொல்லிட்டுப் போயிருப்பேங்கற நம்பிக்கையில அவங்களுக்கே அனுப்பறேன். நீயும் பாப்பாவும் நல்லா இருக்கீங்கன்னு ஒரு வரி எழுதினாப் போதும்.

உன் ஏப்ரல் கடிதத்தைப் படிச்சுட்டு எழுந்து போய் முகம் கழுவினேன். பின் சீட்டுக்கு அடியில எந்த எண்ணும் இல்லை. அந்த மாடல்ல எந்த ஆலையிலயும் அங்கே குத்தினதில்லை. நானே இட்டுக்கட்டினது. நம்ம பட்டறை வண்டிக்குப் பின் சீட்டே கிடையாது, அந்தக் குழியிலதானே நீ பொம்மையை ஒளிச்சு வைப்பே. அது உனக்குத் தெரியும்னு தெரிஞ்சுதான் எழுதினேன். நீ அவங்க பக்கம் இருந்தா, 'அண்ணன் பொய் சொல்றான்'னு அன்னைக்கே சொல்லியிருப்பே. விரலால தடவிப் பார்த்தேன்னு எழுதிட்டே.

இருபத்தாறாம் தேதி நடந்ததைச் சொல்லிடறேன். மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையில வந்தார். நீல வண்டி, பளபளன்னு. என்னைத் தோளோட அணைச்சுக்கிட்டார். மேலதிகாரி அம்மா தகட்டைப் பார்த்தாங்க, இன்ஜினைப் பார்த்தாங்க, சட்டத்து எண்ணைப் பார்த்தாங்க. எல்லாம் ஒத்துப்போச்சு. நல்ல வேலைக்காரனைத்தான் பிடிச்சிருக்கார். அவங்க கையைத் துடைச்சுக்கிட்டு எழுந்தாங்க. எண்ணெல்லாம் ஒத்துப்போன வண்டியில அமிலம் தடவ வெறும் சந்தேகம் போதாது, கண்ணால பார்த்த ஒரு பொய் வேணும். சீட்டைத் தூக்கணும்னு நான் வாயைத் திறக்க முடியாது, தள்ளி நிக்கணும்னு உத்தரவு.

மாப்பிள்ளையே சொன்னார். "மேடம், பின் சீட்டுக்கு அடியிலயும் பார்த்துடுங்களேன்."

"அங்கே என்ன?"

"நாலாவது நம்பர். நமக்கு எல்லாம் சுத்தமா இருக்கணும்."

அவரே சீட்டைத் தூக்கினார். அவரே துணியைப் பிரிச்சார். இடது மூலையில எண் இருந்துச்சு. மேலே பழைய துரு மாதிரி தெரியறதுக்கு என்னவோ தடவி இருந்தாங்க.

மேலதிகாரி அம்மா ரொம்ப நேரம் குனிஞ்சு பார்த்தாங்க. "இந்த மாடல்ல நான் பார்க்காத வண்டி இல்லை. இந்த இடத்துல நம்பர் போட்ட முதல் வண்டி உங்களுதுதான்"னாங்க.

அப்புறம் சட்டத்தைத் தேய்ச்சு அமிலம் தடவினாங்க. பழைய எண்ணை அரத்தால ராவி எடுத்த இடமானாலும் குத்தின அடி இரும்புக்குள்ள இருக்கும். மெல்ல மெல்ல பழைய எண் மேலே வந்துச்சு. நர்ஸம்மா வண்டியோட எண். பக்கத்து அறையில இருந்து போலீஸ் வந்தாங்க.

மாப்பிள்ளை என்னைத் திட்டலை. என் முகத்தையே பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார். "அவளுக்குத் தெரியுமா?"

"அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும், அவளே எழுதியிருக்காளே"ன்னேன். நம்பினாரான்னு தெரியலை. அந்த நேரத்துலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலை. அவர் தம்பியை இன்னும் பிடிக்கலை. மறுநாளே போலீஸோட உன் வீட்டுக்கு வந்தேன். கொடியில பாப்பா கவுன் காயுது, உள்ளே ஆள் இல்லை.

அம்மாகிட்ட நீ வெளியூர் போயிருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன். அவங்க கறுப்புக் கண்ணாடியைக் கழட்டியாச்சு. என் முகம் இப்ப நல்லாத் தெரியுது அவங்களுக்கு. இந்தப் பொய் ரொம்ப நாள் தாங்காது.

அண்ணன்


ஜூன் 20

அண்ணா,

உயிரோட இருக்கேன். பாப்பாவும் இருக்கா, பக்கத்துல உக்காந்து பென்சிலைக் கடிச்சுக்கிட்டு. உடம்புக்கு ஒண்ணும் இல்லை. உன் மே மாசக் கடிதத்தைத் தையல்கார அக்கா சேர்த்துட்டாங்க. உங்க எல்லாருக்கும் எப்படி?

அவர் தம்பி பிடிபட்டுட்டான்னு பேப்பர்ல படிச்ச பிறகுதான் எழுதறேன். அதுக்கு முன்னாடி எழுதினா தபால் முத்திரையே காட்டிக் கொடுக்கும். உன் வீட்டுக்கு வராததுக்கும் அதுதான் காரணம், முதல்ல அங்கேதான் தேடி வருவாங்க. அது ஒரு காரணம். இன்னொண்ணைக் கடைசியில சொல்றேன்.

மழை பெய்ஞ்ச ஒரு மத்தியானம் தார்ப்பாய் போட்டு அந்த வண்டியைக் கொண்டு வந்தாங்க. டிக்கியைத் திறந்தா, பிறந்த குழந்தையை எடை போடற தராசு. இது யாரோடதுன்னு கேட்டேன். அன்னைக்கே பாப்பாவைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்திட்டார். அடிக்கலை, கத்தலை. "குழந்தை பத்திரமா இருக்கணும்னா நீ சும்மா இரு"ன்னு சாப்பிடும்போது சொன்னார், உப்பு எடுன்னு சொல்ற மாதிரி.

நாலாவது எண் எங்கேன்னு என்னைத்தான் முதல்ல குடைஞ்சார். பட்டறைக்காரன் பொண்ணுக்குத் தெரியாதான்னு. இல்லவே இல்லைன்னு உண்மையைச் சொன்னேன், நம்பலை. அப்போதான் உனக்கு எழுதச் சொன்னார். ஒவ்வொரு வரியும் அவர் சொன்னது. 'எனக்கு எதுவும் தெரியாது'ங்கறதை மட்டும் நான் சேர்த்தேன். பணிவா இருக்குன்னு விட்டுட்டார். தரை உதிர்ந்ததையும் நான்தான் நுழைச்சேன். நீ முழிச்சுக்குவேன்னு நினைச்சேன்.

உன் பதில் வந்தப்ப அவர்தான் சத்தமாப் படிச்சார். பின் சீட், இடது மூலைன்னு அவர் படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வருது. டம்ளரைக் கழுவப் போயிட்டேன். "அப்படியா இருந்துச்சு?"ன்னு பின்னாடியே வந்தார். தண்ணியை நிறுத்தாம, "ஆமா, இப்பத்தான் ஞாபகம் வருது"ன்னேன்.

அவர் வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பின காலையில என் ஓரகத்தி, அவர் தம்பி சம்சாரம், பாப்பாவைத் தூக்கிக்கிட்டுப் பின்வாசல் வழியா வந்தா. "குழந்தைக்கு உடம்பு சுடுது, நீயே டாக்டர்கிட்டக் காட்டிடு"ன்னா. தொட்டுப் பார்த்தேன், சுடலை. அவ என் கண்ணைப் பார்க்காம, "தூரத்து டாக்டரா பார்த்துக் காட்டு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. அவளும் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டவதானே.

இப்ப ஒரு பஸ் டிப்போ பட்டறையில வேலை. முதல் நாள் மேஸ்திரி, டீ போட வந்தியாம்மான்னார். இப்ப பிரேக் சத்தம் வந்தா என்னைத்தான் கூப்பிடறார்.

அந்த இன்னொரு காரணம். உன்னோட மார்ச் கடிதம், அம்மா கண்ணைப் பத்தி விசாரின்னு எழுதினது, என் கைக்கு வரவே இல்லை. தையல்கார அக்கா மகள் பிரசவத்துக்குப் போயிட்டாங்க. வெட்டின துணிக்குள்ள சிக்கிக் கிடந்திருக்கு. நான் தெருவை விட்டுக் கிளம்பும்போதுதான் ஓடி வந்து கையில திணிச்சாங்க. பஸ்ல படிச்சேன். 'நீயும் இதுல இருக்கியா?' அவர் வீட்டுல அத்தனை மாசம் இருந்தப்ப நான் அழலை. அதைப் படிச்சப்பத்தான் அழுதேன். எல்லாரும் பார்க்கறாங்கன்னு பாப்பா என் முந்தானையை எடுத்து என் முகத்து மேல போட்டுட்டா.

நீ எழுதின பொய் எனக்கு வழி காட்டுச்சு, சரி. ஆனா அதை என்னைச் சோதிக்கவும்தானே எழுதினே?

அம்மாவுக்குப் பதமா எடுத்துச் சொல்லு.

வாலு


ஜூன் 28

வாலு,

உன் கடிதம் வந்துச்சு. அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். 'எனக்கு எப்பவோ தெரியும், நீ எப்போ சொல்றேன்னு பார்த்தேன்'னாங்க. மத்தியானம் சாப்பிட்டாங்க. கவலைப்படாதே.

ஆமா, சோதிக்கவும்தான் எழுதினேன். இல்லைன்னு ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன், கிழிச்சுட்டேன். பொய்த் தகட்டைப் பார்த்துப் பார்த்து எல்லாத்தையும் சுரண்டிப் பார்க்கிற புத்தி வந்துடுச்சுன்னு தொழில் மேல பழியைப் போடலாம். அதுவும் வேண்டாம்.

நர்ஸம்மா வண்டியில ஏறி உக்காந்தாங்க. 'நீலம் நல்லா இல்லை'ன்னாங்க. காவலாளி பேச ஆரம்பிச்சுட்டார், கொஞ்சம் திக்குது. அவர் ரெண்டு பேரை அடையாளம் காட்டியிருக்கார். ஆனா வண்டி எப்படி அங்கே வந்துச்சு, யார் எழுத வெச்சாங்கன்னு சொல்ல நீ ஒருத்திதான் இருக்கே. நீ வந்து சாட்சி சொல்வியான்னு வக்கீல் கேக்கறார். வரணும்னு நான் சொல்ல மாட்டேன். கோர்ட்ல மாப்பிள்ளை கூண்டுல நிப்பார். உனக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னு அன்னைக்குத்தான் அவருக்குத் தெரியும்.

நீ எங்கே இருக்கேன்னு யாருகிட்டயும் சொல்லலை. உறையை எரிச்சுட்டேன்.

அண்ணன்


ஜூலை 5

அண்ணா,

நாங்க நல்லா இருக்கோம். பாப்பாவை இங்கே பள்ளிக்கூடத்துல சேர்த்தாச்சு.

யோசிச்சேன். நான் வரலைன்னா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீ சொன்னதே கடைசி வார்த்தையா நின்னுடும். எனக்குத் தெரியும். ஒவ்வொரு எண்ணும் தெரியும். அதை அவர் காதுல விழற மாதிரி சொல்லணும். பயமாத்தான் இருக்கு. மேஸ்திரிகிட்ட லீவு கேட்டாச்சு.

வெள்ளிக்கிழமை காலையில வர்றேன். கோபம் இன்னும் போகலை. அதையும் கூட்டிக்கிட்டுத்தான் வர்றேன், வீட்டுல இடம் ஒதுக்கி வை. பஸ் ஸ்டாண்டுக்கு நீயே வா, ஆள் அனுப்பாதே. பாப்பா வர்ற வழியெல்லாம் தூங்கிடுவா. ரெண்டு பையோட என்னால தூக்க முடியாது.

வாலு